வன்னியிலிருந்து மலைக்குச் சைக்கிளோடு: அப்புத்தளை – லிப்டன் சீட் சுற்றுக்குத் திட்டமிடுவது எப்படி?

வன்னியில் சைக்கிள் ஓடத் தெரியாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ வளர்ந்த ஒருவர் மலையில் ஓடப் போகிறேன் என்று வெளிக்கிட்டால், எதில் தொடங்குவது என்று சொல்ல ஆளில்லை. நான் பஸ் நடத்துநர், சைக்கிள் கடைக்காரர், தோட்டத்து வாச்சர் என்று ஆளாளாகக் கேட்டுத்தான் விவரம் சேர்த்தேன். அதில் பாதி ஒன்றுக்கொன்று முரண். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஏற்றத்தில் களைத்தால் இறங்கி உருட்டலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இறக்கம் அப்படியல்ல. குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவுக்கு மேல் நாங்கள் இறக்கமே கண்டதில்லை. ஒரு மணித்தியாலம் விடாமல் பிறேக் பிடித்த கை வன்னியில் யாருக்கும் இல்லை. அதனால் பாதை, நேரம், சைக்கிள் திருத்தம் எல்லாவற்றையும் கீழே இறக்கத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன்.

1. பாதையைத் தெரிவு செய்தல்

முதல் தடவைக்கு நான் சொல்வது இந்தச் சுற்று: அப்புத்தளை நகரம் – தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை – லிப்டன் சீட் (சுற்றின் உச்சியில் உள்ள காட்சிமுனை) – நாயபெத்த தோட்டம் – பண்டாரவளை – மீண்டும் அப்புத்தளை. தோட்டத்துக்குள் எந்தக் கிளைப்பாதையால் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 40 முதல் 50 கிலோமீற்றர் வரும்.

தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு இதைவிடக் கூடுதலான தூரத்தைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஓடிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மலையில் கிலோமீற்றரை விட்டுவிட்டு மீற்றரைப் பாருங்கள். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர். லிப்டன் சீட் ஏறக்குறைய 1,970. பண்டாரவளை 1,230 அளவில். அதாவது முதலில் 540 மீற்றர் ஏறி, பிறகு 740 மீற்றர் இறங்கி, கடைசியில் 200 மீற்றர் மறுபடி ஏற வேண்டும். இடையில் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் மொத்த ஏற்றம் 900 மீற்றரைத் தொடலாம். மலை ஓட்டத்தில் இதை மிதமான சுற்று என்பார்கள். எங்களுக்கு அது முழுநாள் வேலை.

நகரத்திலிருந்து தொழிற்சாலைவரை சுமார் 10 கிலோமீற்றர். அந்தப் பகுதி பெரிதாகக் கஷ்டப்படுத்தாது. அங்கிருந்து உச்சிக்குச் சுமார் 7 கிலோமீற்றர், முடக்குக்கு மேல் முடக்கு. உயரத்தின் பெரும்பகுதி இந்த 7 கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது.

எதிர்த் திசையில், பண்டாரவளையால் ஏறி தம்பேதென்னவால் இறங்கலாம்தானே என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம். தம்பேதென்னப் பாதை ஒடுக்கம். காலை எட்டரைக்குப் பிறகு உல்லாசப் பயணிகளை ஏற்றிய ஓட்டோக்களும் வான்களும் வரிசையாக ஏறிவரும். தார் வீதி என்பதால் உங்கள் சைக்கிளும் வேகம் பிடிக்கும். நாயபெத்தப் பக்கம் கல்லும் உடைந்த தாருமாகக் கிடப்பதால் வேகம் தானாகவே குறையும், எதிரே வாகனமும் குறைவு. பழகாத கைக்கு அதுதான் நல்லது.

ஹோர்டன் சமவெளியையும் இதோடு சேர்த்துவிடலாம் என்ற ஆசை வரும். அது வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள தேசிய பூங்கா. நுழைவுச்சீட்டு, நேரக் கட்டுப்பாடு, வாசலில் பொலித்தீன் சோதனை என்று அது தனி அலுவல். இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

2. மாதம்

வாடைக்காலத்தில் எங்களுக்கு மழை கொட்டும்போது இந்தச் சுற்று இருக்கும் ஊவாப் பக்கத்து மலைகளிலும் மழைதான். ஒக்டோபர் முதல் ஜனவரி நடுவரை இந்தச் சுற்றை நினைக்கவே வேண்டாம். வழுக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதைந்த மீரியபெத்தை, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலைநாட்டில் பல இடங்கள் சரிந்தன.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும் வரும், புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தில் அறை விலையும் ஏறிவிடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஆனால் சோழகம் (தென்மேற்குக் காற்று) மலைமுகட்டைத் தாண்டும் இடத்தில்தான் அப்புத்தளை இருக்கிறது. பூநகரிக் கரையில் அடிக்கும் அதே காற்று, பக்கத்தில் பள்ளம் உள்ள பாதையில் பக்கவாட்டாக அடித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றுக்குப் பழகியவர்கள் போகலாம்.

எந்த மாதமானாலும் புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பாருங்கள். பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும். அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை ஆகிய பெயர்களைத் தேடுங்கள். மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

3. சைக்கிள்

கடைக்காரர் "இருபத்தொரு கியர், எந்த மலையும் ஏறும்" என்பார். கியரின் எண்ணிக்கையை விடுங்கள், பல்லை எண்ணுங்கள். முன்னால் செயின்வீலில் ஆகச் சிறியதில் எத்தனை பல், பின்னால் பிறீவீலில் ஆகப் பெரியதில் எத்தனை பல் என்று பாருங்கள். முன்னதைவிடப் பின்னது கூடுதலாக இருக்க வேண்டும். முன் 22 அல்லது 24, பின் 32 அல்லது 34 என்றால் இருந்தபடியே ஏறலாம். இரண்டும் 28 என்றால் அந்த 7 கிலோமீற்றரில் பாதியை உருட்டத்தான் வேண்டிவரும். பின் பிறீவீலை மட்டும் பெரிதாக்குவது புதுச் சைக்கிள் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. சில சைக்கிள்களில் அதோடு செயினையும் பின்கியரையும் மாற்ற வேண்டிவரும், கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நடுவில் ஸ்பிரிங் போட்ட மலிவான சைக்கிள் பார்க்க மலைக்கென்றே செய்தது போலிருக்கும். வாங்காதீர்கள். பாரம் கூட, மிதிக்கும் பலத்தில் பாதியை ஸ்பிரிங்கே குடித்துவிடும். முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ளது போதும்.

இனிப் பிறேக். டிஸ்க் பிறேக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போகலாம். ஆனால் இவற்றில் ஒன்றையும் தள்ளிப்போட வேண்டாம்:

முன்னும் பின்னும் புது பிறேக் கட்டை போட்டு, ஊரிலேயே குறைந்தது ஒரு கிழமை ஓடிப் பதமாக்க வேண்டும். மலைக்குப் போய்ப் புதுக்கட்டை போட்டால் முதல் இறக்கத்தில் சரியாகப் பிடிக்காது.

கேபிளில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். இழுத்துப் பிடித்தபோது லீவர் கைப்பிடியைத் தொடக்கூடாது.

கூடுதலாக ஒரு சோடி பிறேக் கட்டை பையில் இருக்கட்டும். அப்புத்தளைக் கடையில் உங்கள் வகை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ரயர் 2 அங்குல அகலத்துக்குக் குறையாமல், கட்டை தேயாமல் இருக்க வேண்டும். எங்கள் நெருஞ்சி முள் உள்ளே இருந்துகொண்டு மலையில்தான் வேலையைக் காட்டும். போவதற்கு முன் ரயரைக் கழற்றி உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மட்கார்ட், ஸ்டாண்ட், கூடை எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். மணியும் முன் பின் விளக்கும் கட்டாயம், ஏனென்றால் முகில் பாதைக்கு இறங்கினால் பத்து அடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது.

4. வன்னியில் இருந்தபடி பயிற்சி

மலையில்லாத ஊரில் மலைக்குப் பழகுவதற்கு எதிர்க்காற்றைவிட நல்ல வழி இல்லை. எதிர்க்காற்றில் மிதிக்காமல் விட்டால் சைக்கிள் நின்றுவிடும், ஏற்றத்திலும் அப்படித்தான். சோழகக் காலத்தில் பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கமாக ஏ32 வீதியில் ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடுங்கள். கிழமைக்கு மூன்று நாள், இரண்டு மாதம் செய்தால் ஏற்றம் சமாளிக்கலாம்.

கிரவலுக்கு இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கங்களில் குளத்தையொட்டிய பாதைகள் இருக்கின்றன. எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இருக்கையில் படாமல் ஓடிப் பழகுங்கள். இரண்டு எச்சரிக்கை: விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் காட்டோரப் பாதையில் யானை நிற்கும். மற்றது, சுற்று நன்றாக இருக்கிறதென்று புதுப் பாதைக்குள் இறங்காதீர்கள். மிதிவெடிப் பலகை உள்ள இடத்தில் மட்டுமல்ல, பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச்சனம் நாளாந்தம் போய்வரும் தடத்தில் மட்டுமே ஓடுங்கள்.

இறக்கத்தை மட்டும் இங்கே முழுதாகப் பழக முடியாது. அதற்காகத்தான் கீழே ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்.

5. பத்திரங்களும் அனுமதியும்

தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், போட்டோப்பிரதி போதாது. விடுதியில் கேட்பார்கள், வீதியிலும் கேட்கலாம். சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டையும் சட்டத்தின் அடியில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். பொதியாக அனுப்பும்போதும், களவுபோனால் பொலிஸில் முறைப்பாடு செய்யும்போதும் அதைத்தான் கேட்பார்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மச்சானைக் கூட்டிப்போவதென்றால் அவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அவருடைய பயணக் காப்புறுதி மலைச் சைக்கிளோட்டத்துக்கும் பொருந்துமா என்று முதலே பார்க்கச் சொல்லுங்கள். பல காப்புறுதிகளில் பொருந்தாது.

லிப்டன் சீட் போகும் பாதையில் வாசலில் சீட்டு எடுக்க வேண்டும். உள்நாட்டவருக்குச் சிறிய தொகைதான், மாற்றிய காசாக வைத்திருங்கள்.

நாயபெத்தப் பக்கம் இறங்குவது தோட்டப் பாதை. கம்பனி நிலம் அது, பொதுவீதி என்று நினைக்க வேண்டாம். முதல்நாளே தோட்ட ஆபீசுக்குப் போய், இன்ன நாள் இத்தனை பேர் சைக்கிளில் இறங்குகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். கொழுந்து மலைகளுக்குள் (தேயிலைக் கொழுந்து பறிக்கும் பகுதிகள்) மருந்து அடிக்கிறார்களா, எந்தப் பாதை வெட்டுப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் ஆபீஸ் பூட்டியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். சனி இரவு போய் இறங்கி ஞாயிறு ஓடும் திட்டம் இதனால்தான் சரிவராது. அனுமதி இல்லை என்றால் வாதாடாமல் வந்த வழியே திரும்பும் திட்டத்துக்கு மாறுங்கள்.

6. சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தல்

இந்தப் பயணத்தில் ஆகப் பெரிய தலையிடி இதுதான்.

பஸ்: ஏ9 கண்டியில்தான் தொடங்குகிறது. கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறக்குறைய 255 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து 180. கண்டியில் மாறி நுவரெலியா, வெலிமடை வழியாகப் பண்டாரவளை போகலாம். ஒரு முழுப் பகலும் போகும். அதிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள். அடிப்பெட்டி உள்ள நீண்டதூர பஸ் என்றால்தான் சைக்கிளை ஏற்றலாம். சாதாரண பஸ்ஸில் நடத்துநர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவரையும் குறை சொல்ல ஏலாது. ஏறுவதற்கு முன்பே சைக்கிளுக்கு எவ்வளவு என்று பேசி முடியுங்கள். ஓர் ஆளின் கட்டணம் கேட்டால் நியாயம். பஸ் வெளிக்கிட்ட பிறகு பேசினால் அது அவருடைய விலை.

பொதி கட்டும் முறை: இரண்டு சில்லையும் கழற்றுங்கள், மிதியையும் கழற்றுங்கள் (இடப்பக்க மிதி எதிர்ப்பக்கமாகக் கழலும்), ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு கட்டுங்கள். டிஸ்க் பிறேக் என்றால் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். யாராவது லீவரை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் உரப்பையால் சுற்றி, பழைய ரியூப்பை வெட்டிய நாடாவால் இறுக்குங்கள். பின்கியர் உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். அதை ஏற்றும்போதும் நீங்கள் பார்க்க வேண்டும், கண்டியில் மாற்றும்போதும் பார்க்க வேண்டும்.

ரயில்: வடக்குப் பாதையில் வந்து பொல்காவலையில் மாறி பதுளைப் பாதையில் ஏறலாம். சைக்கிளைப் பொதிகள் கருமபீடத்தில் பதிய வேண்டும். நீங்கள் ஒரு ரயிலிலும் சைக்கிள் அடுத்ததிலும் வரக்கூடும் என்பதுதான் இதிலுள்ள பொறி. மலைப்பாதை மழையால் அடிக்கடி தடைப்படுவதால் எதுவரை ரயில் ஓடுகிறது என்று அரசாங்கத் தகவல் இலக்கமான 1919இல் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

நான்கு ஐந்து பேர் சேர்ந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வான் ஒன்றைப் பிடியுங்கள். பின் இருக்கையைக் கழற்றிய டொல்பின் வானில் ஐந்து சைக்கிளும் அடங்கும். தலைக்குக் கணக்குப் பார்த்தால் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் கூட வரும். சாரதிக்கு அறையும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

7. நாட்களும் செலவும்

நான்கு நாள் வேண்டும். முதல்நாள் பயணம். இரண்டாம் நாள் சைக்கிளைப் பூட்டி, தோட்ட ஆபீஸ் அலுவலை முடித்து, பின்னேரம் தொழிற்சாலைவரை மட்டும் போய்த் திரும்புங்கள். வரும் வழியில் இறக்கம் பழகலாம் என்பதால் இந்த நாளை வெட்டாதீர்கள். மூன்றாம் நாள் சுற்று. நான்காம் நாள் வீடு. வியாழன் போய் ஞாயிறு திரும்பினால் ஆபீஸ் அலுவல் வெள்ளியிலும் சுற்று சனியிலும் அமையும்.

இருவர் ஓர் அறை, சாப்பாட்டுக் கடைச் சாப்பாடு, பஸ் பயணம் என்று வைத்தால் நான் ஒருவருக்கு 25,000 ரூபாய் ஒதுக்கித் திட்டமிடுவேன். இதில் புது பிறேக் கட்டையும் அடங்கும், சைக்கிள் திருத்தம் அடங்காது. டீசல் விலை மாறினால் போக்குவரத்துக் கணக்கும் மாறும். இதற்கு மேல் 5,000 ரூபாய் தனியாகப் பையில் இருக்கட்டும். நடுவழியில் சைக்கிள் உடைந்தால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வர அது உதவும்.

8. ஓடும் நாள்

வெளிச்சம் வரும்போதே புறப்படுங்கள், ஆறு மணியளவில். காலை ஒன்பது பத்துக்கெல்லாம் உச்சியை முகில் மூடத் தொடங்கிவிடும். எட்டரைக்குள் மேலே நிற்க வேண்டும் என்பது கணக்கு. ஏழு ஏழரைக்குத் தோட்டப் பிள்ளைகள் பள்ளிக்கும், பெரியவர்கள் வேலைக்கும் பாதையை நிறைத்துக்கொண்டு போவார்கள். வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் தர்மபுரத்திலும் வவுனியாவிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் சொந்தக்காரர்கள் அவர்கள். பாதை கேட்டால் தமிழிலேயே விளக்கமாகச் சொல்வார்கள். "கிட்டத்தான்" என்று சொன்னால் மட்டும் இன்னும் மூன்று முடக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இரண்டு லீற்றர். எள்ளுப்பாகு, கச்சான், இரண்டு ரொட்டி. உச்சியில் தேத்தண்ணி கிடைக்கும், ஆனால் கடை திறந்திருக்கும் என்பதை நம்பி வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகையளவு குளிர் கூடும். கிளிநொச்சியைவிட உச்சி பன்னிரண்டு பாகையாவது குறைவாக இருக்கும். ஏறும்போது வியர்த்து நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து பிறேக் பிடிக்க வராது. மாற்றுச் சட்டை ஒன்று, காற்றுத் தடுக்கும் மழைச்சட்டை ஒன்று, முழுவிரல் கையுறை ஒரு சோடி. உயரத்தால் மூச்சுமுட்டும் வருத்தம் வருமோ என்று சிலர் கேட்கிறார்கள். அது பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான், இங்கே கவலை வேண்டாம்.

9. உச்சியில் முடிவும் இறக்கமும்

உச்சியில் நின்று மூன்றைப் பாருங்கள்: நாயபெத்தப் பக்கம் முகிலா, பாதை நனைந்திருக்கிறதா, பிறேக் லீவர் காலையில் இருந்ததைவிட உள்ளே போகிறதா. ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்தால் வந்த வழியே தொழிற்சாலைக்கு இறங்கிவிடுங்கள். அங்கிருந்து அப்புத்தளைக்கு பஸ் ஓடுகிறது, ஓட்டோவும் கிடைக்கும்.

இறங்குவதென்றால் இருக்கையை நான்கு விரற்கடை தாழ்த்துங்கள். இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், முன் பிறேக்கை மட்டும் திடீரென்று இழுத்தால் தலைகீழ்தான். ஒரேயடியாகப் பிடித்தபடி இறங்காமல் பிடித்து, விட்டு, பிடித்து வாருங்கள். இல்லாவிட்டால் கட்டை சூடேறிப் பிடிமானம் போய்விடும். முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், முடக்குக்குள் பிறேக்கைத் தொடாதீர்கள். எப்போதும் இடப்பக்கம், ஒவ்வொரு குருட்டு முடக்கிலும் மணி. கொழுந்து லொறி வந்தால் நின்று வழிவிடுங்கள், அதற்கு ஒதுங்க இடமிருக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உதறுங்கள்.

கைப்பேசியில் வரைபடத்தை முதல்நாளே இறக்கி வையுங்கள், பல இடங்களில் சிக்னல் இல்லை. கொழுந்து மலைகளின் ஓரத்தில் மலை இலக்கம் எழுதிய பலகை நிற்கும். கடைசியாகக் கடந்த பலகையின் இலக்கத்தை நினைவில் வைத்திருங்கள். விழுந்து காயப்பட்டால் 1990 இலவச அம்புலன்ஸுக்கு எடுத்து, தோட்டத்தின் பெயரையும் அந்த இலக்கத்தையும் சொல்லுங்கள். அதைச் சொன்னால் தோட்டத்து ஆட்களே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்தில் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

10. பண்டாரவளையிலிருந்து திரும்பல்

பண்டாரவளையில் நன்றாகச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் இருங்கள். அப்புத்தளைக்கு ஏ16 வீதியில் 11 கிலோமீற்றரளவு ஏற்றம். களைத்த காலுக்கு இந்த 200 மீற்றர்தான் நாளின் ஆகக் கொடுமையான பகுதி. பஸ்களும் லொறிகளும் கூடிய வீதி என்பதால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். மூன்று மணிக்குப் பிறகு மழை இருட்டினால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள், அந்த 5,000 ரூபாய் இதற்குத்தான். அறையைப் பண்டாரவளையிலேயே எடுத்து, அப்புத்தளைக்கு பஸ்ஸிலோ வானிலோ போய்ச் சுற்றைத் தொடங்கினால் இந்த ஏற்றமே தேவையில்லை. நாற்பதைக் கடந்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அன்றிரவே சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பொதியைக் கட்டிவிடுங்கள். கண்டி பஸ் விடியலில், அந்த இருட்டில் மிதியைக் கழற்றிக்கொண்டிருக்க நேரமிராது.